ஆறு கிராம்

ரோபோ என்றதும் எல்லாருக்கும் இரும்பும் ஒயரும்தான் ஞாபகத்துக்கு வரும். படத்தில் பார்த்தது அப்படி. ஆனால் அந்த இரும்புக் கை ஒரு கண்ணாடியைத் தூக்க வேண்டுமென்றால், கண்ணாடியைத் தொடுவது ரப்பர். இரும்பு தொட்டால் ஒன்று கீறும், இல்லை வழுக்கும். அதனால் கையின் நுனியில் உள்ளங்கை அகலத்தில் நாலு ரப்பர் கிண்ணம் மாட்டியிருப்பார்கள். அவை காற்றை உறிஞ்சிக் கண்ணாடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். விரல் வைத்த ரோபோ என்றால் விரல் நுனியில் ரப்பர் பட்டை. மூட்டுக்குள்ளே எண்ணெய் கசியாமல் ரப்பர் வளையம், மூட்டுக்கு மேலே தூசி போகாமல் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை. இத்தனையும் செய்கிறவர்களை எவனும் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும் கரி அப்பிய முகம்தான் தெரியும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

கலவை அக்காவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு ரோபோவில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. அவள் வாழ்க்கையில் வந்த நல்லதும் கெட்டதும் அந்த ரப்பர் கிண்ணத்தின் வழியாகத்தான் வந்தன. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. பட்டறையில் இருபத்தாறு வருஷமாக அவள் கலவை அக்காதான். முதலாளிக்கும் அக்கா, லாரியில் மூட்டை இறக்க வருகிறவனுக்கும் அக்கா.

வேலை இதுதான். எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். பதப்படுத்தாத பச்சை ரப்பரை நடுவில் விட்டால் பட்டையாகி உருளையைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கத்தியால் அறுத்து, மடித்து, திரும்ப உள்ளே விட வேண்டும். விடும்போதே பொடிகளைத் தூவ வேண்டும். கொஞ்சம் அசந்தால் உருளை கையை இழுத்துக்கொள்ளும். அவளுக்கு முன்னால் அங்கே நின்றவருக்கு இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம். இவளுக்குப் பத்தும் பத்திரமாக இருந்தது. அதில் அவளுக்குக் கர்வம்கூட உண்டு.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. கரி சேர்த்த ரப்பர் நன்றாக உழைக்கும், ஆனால் கண்ணாடியில் கறுப்பு வளையமாகத் தடம் விழும். வெள்ளைப் பொடி சேர்த்தால் தடம் விழாது, ஆனால் சூடான கண்ணாடியில் கிண்ணம் சீக்கிரம் தளர்ந்துவிடும். இந்த இழுபறியோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டினாள். எத்தனை பட்டை குப்பைக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் ஒரு கலவை அமைந்தது. ஈரக் கண்ணாடியையும் கவ்வியது, சூடான கண்ணாடியையும் கவ்வியது, விட்டால் ஒரு பொட்டுத் தடம் இல்லை. தெருக்கோடியில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையின் பன்னிரண்டு ரோபோ கைகளுக்கும் அவள் கலந்த கிண்ணம்தான். பட்டறையே அந்த ஆர்டரில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தராசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கந்தகம் மாதிரி சின்ன அளவில் போடும் மூன்று பொடிகளை நிறுக்கக் கலவை அறையில் ஒரு முள் தராசு இருந்தது. எப்போதோ கீழே விழுந்ததில் தட்டு வளைந்து முள் கோணிவிட்டது. அன்றிலிருந்து வெறுந்தட்டிலேயே ஆறு கிராம் காட்டும். சரி பண்ண வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், யாரும் பண்ணவில்லை. நாளடைவில் அறைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது. கலவை அக்கா நோட்டில் முள் காட்டுவதைத்தான் எழுதுவாள்.

"நான் ஒருநாள் வரலைன்னா இன்னொருத்தர் முள்ளைப் பாத்துத்தானே நிறுப்பாங்க? நான் கழிச்சு எழுதி வெச்சா அவங்க குழம்பிட மாட்டாங்களா?" என்பது அவள் நியாயம்.

ஆக, நோட்டில் முப்பது என்று இருந்தால் உண்மையில் விழுந்தது இருபத்து நாலு. இது முதலாளிக்குத் தெரியாது. அவர் அந்த அறைக்குள் காலே வைக்க மாட்டார், சட்டை அழுக்காகிவிடும். நோட்டைப் பற்றி மட்டும் அவருக்கு ஏகப்பட்ட பயம். "இங்க கிடந்தா எவன் கண்ணாவது படும். நீங்க வீட்லயே வெச்சுக்குங்கக்கா" என்று சொன்னவரும் அவர்தான். அவளும் சாப்பாட்டு டப்பாவோடு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் போய் வந்தாள்.

வீட்டில் இருந்தது தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தாறு. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். இவளைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். இருவருமே பையனை எங்காவது விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இவள் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். பையனைப் படிக்க வைத்தாள், பட்டறையிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தாள். அவன் கலவை அறைப் பக்கம் வரமாட்டான். வெளியே போய் ரோபோ கைகளில் கிண்ணம் மாட்டுவதும் வாடிக்கைக்காரர்களிடம் பேசுவதும்தான் அவன் வேலை. பேச்சு தேன் மாதிரி இருக்கும். கல்யாணமாகித் தனி வீடு போன பிறகும் வாரத்தில் நாலு நாள் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. "என் வீட்ல தட்டுல போடறாங்க, இங்கதான் வயித்துல போடறாங்க" என்பான். அவளுக்கு அது போதும், உச்சி குளிர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவன் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. ராஜினாமாக் கடிதம் மட்டும் வந்தது. ஒரு மாதத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டான். அடுத்த மாதம் கண்ணாடித் தொழிற்சாலை ஆர்டர் அவனிடம் போய்விட்டது. தடம் விழாத வெள்ளைக் கிண்ணம் அவனிடமும் இருக்கிறதாம்.

முதலாளி கலவை அக்காவைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நோட்டு உங்க வீட்லதானே இருந்துச்சு?"

"ஆமா சார். ஆனா நான் யாருக்கும் காட்டலை. எனக்கு எதுவும் தெரியாது."

"கூடப் பிறந்தவன் பட்டறை போடறான், உங்க கலவைய வெச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னா நம்பறதுக்கு நான் என்ன சின்னக் குழந்தையா?"

மறுநாள் அவளை உருளையிலிருந்து எடுத்துவிட்டு, அச்சிலிருந்து வரும் கிண்ணங்களின் ஓரத்துப் பிசிறைக் கத்தரிக்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். இருபத்தாறு வருஷம் நின்று வேலை செய்தவளுக்கு உட்காருவது தண்டனையாக இருந்தது. மேஜையில் இருந்த பெண்கள் இடம் விட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே விட்டார்கள். ஆர்டர் போனதில் அவர்களுக்கும் வேலை நாள் குறைந்திருந்தது. ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருந்த கத்தரியும் நிற்காது, வாயும் நிற்காது. கலவை அக்காவின் வீட்டுக்கு அடுத்த வீடு.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"நோட்டை எடுத்தியாடா?"

"என்னக்கா இப்படிக் கேக்கற. நான் ஒரு கெமிக்கல் படிச்ச ஆளை வெச்சுத் தனியாத் தயார் பண்ணேன். உன் நோட்டை நான் தொட்டதே இல்ல."

"நெஞ்சுல கை வெச்சு சொல்லு."

வைத்துச் சொன்னான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் பெயர் கெட்டுக் கிடக்கும்போது அவன் மனசு புண்படக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். இதை என்னவென்று சொல்வது.

மூன்று மாதம் போனது. பட்டறையில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். அவளுக்கு உருளையைவிடப் பெயர்தான் பெரிதாகப் போயிற்று. முதலாளி ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலும் "அக்கா கொடுக்கலை" என்று சொல்லிவிட்டால் போதும், மேஜையிலேயே காலத்தைத் தள்ளிவிடுவேன் என்று கத்தரியிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்தரி வந்து சமையலறையில் உட்கார்ந்து ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தபோது தம்பி வந்தான். கையில் ஒரு பை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பையிலிருந்து மூன்று வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து மேஜையில் வைத்தான்.

"அக்கா, இது என்னன்னு பாரேன். போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஆறு வாரத்துல இப்படி ஆயிடுது."

அவள் ஒன்றை எடுத்தாள். விளிம்பைத் தடவினாள். மாவு மாதிரி விரலில் ஒட்டியது. கந்தகம் அதிகமானால் ரப்பருக்குள் இடம் கொள்ளாமல் இப்படித்தான் வெளியே வந்து பூக்கும். விளிம்பை லேசாக மடித்தாள். கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. மடித்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடின. கந்தகம் எவ்வளவு கூடியிருக்கும் என்று அவள் கை சொன்னது. பிறகு புத்தி சொன்னது. 

ஆறு கிராம். மூன்று பொடியிலும் ஆறு ஆறு கிராம் கூட.

கெமிக்கல் படிச்ச ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறான். எழுதியதைக் கொண்டுபோய்ச் சரியான தராசில் நிறுத்திருக்கிறான். அந்த அறைக்குள் ஒரு நாள் நின்றிருந்தால்கூட இந்தத் தப்பு நடந்திருக்காது.

"தொட்டதே இல்லைன்னு சொன்னியேடா" என்றாள். 

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ சாப்பாடு எடுத்து வைக்கப் போனப்ப போன்ல படம் எடுத்துக்கிட்டேன். எனக்கு வேற வழி தெரியலைக்கா."

அவன் தட்டில் போடுவதற்காக அவள் அடுப்படிக்குப் போன நேரம். அதுதான் அவனுக்கு வாய்ப்பாக இருந்திருக்கிறது. அவள் விரலில் ஒட்டிய மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனான். தராசுக் கதை தெரிந்த கத்தரிக்கும் விஷயம் விளங்கிவிட்டது, எழுந்து வந்து அவள் காதோடு சொன்னாள். "அக்கா, கடவுளாப் பாத்துக் கொண்டு வந்து போட்டிருக்கார். வாயத் திறக்காதே. இந்தக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு நாளைக்கு முதலாளி முன்னாடி வை. நீ குடுத்திருந்தா ஆறு கழிச்சுத்தானே குடுத்திருப்பே? தப்பு இருக்குன்னாலே இது திருட்டுன்னு ஆயிடுச்சு. இதைவிடச் சாட்சி உனக்கு எங்க கிடைக்கும்?"

கத்தரி எத்தனையோ உளறுவாள், அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. அந்தக் கிண்ணங்கள் வெடித்துக்கொண்டே இருக்கும்வரை கலவை அக்கா குற்றமற்றவள். அவளே திருத்திக் கொடுத்தால் அந்தச் சாட்சியை அவள் கையாலேயே அழித்ததாகிவிடும். இது அவளுக்கும் புரிந்தது. அப்பாடா என்றுகூட இருந்தது, ஒரு நிமிஷம்.

தம்பி உள்ளே வந்தான். "கண்ணாடிக் கம்பெனிலேர்ந்துதான் போன். நேத்து ஒரு கை பாதியில கண்ணாடிய விட்டுடுச்சு. நல்லவேளை, கீழ யாரும் இல்ல."

"யாராவது அந்த வழியா நடப்பாங்களா?"

"பக்கத்துலதான் பேக்கிங் பண்றாங்க. குறுக்க நடக்கத்தான் செய்வாங்க. கோடு போட்டிருக்கு, யாரு கேக்கறா."

ஆளுயரக் கண்ணாடி. அதைப் பிடித்திருப்பது நாலு கிண்ணம். அவற்றைக் கலந்தது வேறு ஆளாக இருக்கலாம், கணக்கு இவளுடையது. நாளைக்கு முதலாளியைப் பார்த்து, அவர் நம்பி, அவர் வக்கீலைக் கூப்பிட்டு, அது நடந்து முடிவதற்குள் எவன் தலையில் அது இறங்கும்? கத்தரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நோட்டுல இருக்கறது தப்பில்ல. எங்க தராசுதான் ஆறு கூடக் காட்டும். மூணு சின்னப் பொடியிலயும் ஆறு ஆறு கழிச்சுடு."

"எழுதிக் குடுத்துடுக்கா, மறந்துடுவேன்."

எழுதினாள். பொடிகளின் பெயர், பழைய அளவு, ஆறு கழித்த அளவு, எல்லாம் அவள் கையெழுத்தில். கொடுக்கும் முன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு விஷயம். இன்னிக்கே போய்ப் பன்னெண்டு கையையும் நிறுத்தச் சொல்லு. புதுக் கிண்ணம் மாட்டற வரைக்கும் ஒண்ணு ஓடக் கூடாது. அப்புறம் நாளைக்கு என்கூட வந்து முதலாளிகிட்ட நடந்ததைச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"கண்டிப்பா வரேன்க்கா. உன் பேரைக் கெடுத்துட்டு நான் நல்லா இருந்துடுவேனா?"

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான். மேஜையில் கிடந்த மூன்று கிண்ணங்களையும் மறக்காமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். கத்தரி அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் இப்படியே போயின. வேலை அதிகமாக இருக்கும், கிண்ணம் மாற்றுகிறானாக்கும் என்று அவளே அவனுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டாள். வளர்த்த பாசம் அவ்வளவு சீக்கிரம் விடுமா.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்கக்கா" என்றார். எதிரில் மேஜை மேல் ஒரு வக்கீல் கடிதம், அதோடு குண்டூசியில் ஒரு காகிதத்தின் நகல். தூரத்திலேயே அவளுக்கு அது தன் எழுத்து என்று தெரிந்துவிட்டது.

"நான் உங்க தம்பி மேல திருட்டு கேஸ் குடுக்கப் போறேன்னு நோட்டீஸ் விட்டிருந்தேன். அதுக்கு இதுதான் பதில். திருடலையாம். கலவைய உண்டாக்கினவங்களே மனசாரக் குடுத்தாங்களாம். இது உங்க எழுத்துதானா?"

"எழுத்து என்னுதுதான் சார். ஆனா..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, நோட்டு, போனில் எடுத்த படம், வெடித்த கிண்ணம், கீழே நடக்கிற ஆட்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கத்தரி. இவ்வளவு நீளமாக அவள் முதலாளியிடம் பேசியதே இல்லை. "நான் குடுத்திருந்தா மொதல்லயே ஆறு கழிச்சுல்ல குடுத்திருப்பேன் சார்" என்று முடித்தாள்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "இருக்கலாம். இல்ல, குடுக்கும்போது மறந்திருப்பீங்க. அப்புறம் கிண்ணம் வெடிச்சதும் ஞாபகம் வந்து திருத்திக் குடுத்திருப்பீங்க. இந்தப் பேப்பர் ரெண்டுக்கும் பொருந்துதே."

"அந்தத் தராசை நான் மறப்பேனா சார்?"

"எனக்கு எப்படித் தெரியும். நம்ம பட்டறையில அப்படி ஒரு தராசு இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். கத்தரி உங்க பக்கத்து வீடு, உங்க பக்கம்தான் பேசுவா. வெடிச்ச கிண்ணம் ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா?"

மூன்றையும் அவன் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திருடி என்று சொல்லியிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள். தன் வேலையில் தானே மறந்திருப்பாள் என்று சொன்னதுதான் அவளை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் பாதிதான் கேட்டாள். வெளியே வந்தபோது மேஜையில் இருந்த பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. கத்தரி மட்டும் எழுந்து நின்றாள். இருபத்தாறு வருஷத்துக்கு அவ்வளவுதான் வழியனுப்பு.

கேட்டுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. தம்பி இறங்கி ஓடி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"சொல்லிட்டாரா? விடுக்கா, பெரிய மனுஷன். ஏறு, போகலாம்."

"எங்க?"

"நம்ம பட்டறைக்கு. இனிமே நீ அங்கதான். கலவை ரூம் முழுசா உனக்கு. ஏசி போட்டிருக்கேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வக்கீல்தான்க்கா இந்த யோசனை சொன்னார். திருட்டுன்னா நான் உள்ள போகணும். நீ குடுத்ததுன்னா கேஸே கிடையாது. உனக்கு என்ன, வேலைதானே போகும்? அதை நான் தரேன்ல. ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

மனசாரத்தான் சொன்னான். தான் அக்காவுக்கு நல்லது செய்துவிட்டதாகவே அவன் நம்பினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. கேட்டது ஒன்றுதான்.

"அன்னிக்கே கைகளை நிறுத்தினியா?"

"எட்டு மாத்தியாச்சுக்கா. சூப்பரா இருக்கு. உன் கை ராசி."

"மீதி நாலு?"

"ஒரு அச்சுதானே இருக்கு. திங்கக்கிழமை மாத்திடுவேன்."

"அதுவரைக்கும் அது ஓடுதா? கீழ ஆளுங்க நடக்கறாங்களாடா?"

"நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா ஆர்டர் போயிடும். அஞ்சு நாளா ஒண்ணும் ஆகலையே, இன்னும் மூணு நாள்தானே."

யாரோ முகம் தெரியாத நாலு பேர் தலைக்காகத்தான் அவள் தன் பெயரைத் தூக்கிக் கொடுத்தாள். இவன் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். கைகளை நிறுத்தக்கூட இல்லை. அவள் பையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள். "அக்கா, வெயில்ல எங்க போற?" என்று பின்னாலிருந்து கேட்டான். வீட்டுக்குப் போகிறாள், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது.

அவள் நேரே தெருக்கோடிக்குப் போனாள். கண்ணாடித் தொழிற்சாலை வாசலில் காவலாளி விடமாட்டேன் என்றார். கிண்ணம் சரியில்லை, கண்ணாடி விழும் என்று அவள் மூன்று தடவை சொன்ன பிறகு சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர். தலைக்கு ஒரு தொப்பி கொடுத்து உள்ளே கூட்டிப் போனார். அவள் கலந்த ரப்பர் இருபது வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது, அவள் போனது அதுதான் முதல் தடவை. கைகள் வரிசையாக வளைந்து, கவ்வி, தூக்கி, திரும்பிக்கொண்டிருந்தன. கோட்டைத் தாண்டி ஒருவர் கையில் டீயோடு குறுக்கே போனார்.

"யாருங்கம்மா நீங்க? எந்தக் கம்பெனி?"

இன்று காலை வரைக்கும் அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. "இந்தக் கலவைய உண்டாக்கினது நான்தான். நாலு கையில இருக்கறது தப்பான கலவை. உங்களுக்குக் கிண்ணம் குடுக்கறவருக்கே தெரியும்."

"அப்படியா? இருங்க, அவரையே கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார். அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "சார், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. உங்க கிண்ணம் நாலு கையில சரியில்ல, நிறுத்துங்கன்னு சொல்றாங்க. கலவை அவங்களோடதுங்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

போனில் வேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லைங்க சார்" என்றது அவள் வளர்த்த குரல். "எனக்குத் தெரியாது. பழைய பட்டறையில வேலை போன யாராவது கோவத்துல வந்திருப்பாங்க. நீங்க ஓட்டுங்க சார், கிண்ணத்துக்கு நான் பொறுப்பு."

சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவருக்கும் குழப்பம்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னை நம்ப வேணாங்க" என்றாள். "ஒரே ஒரு கையை நிறுத்தி, கிண்ணத்தோட விளிம்பை நீங்களே மடிச்சுப் பாருங்க."

அவர் பட்டனை அழுத்தினார். கடைசிக் கை கண்ணாடியை வைத்துவிட்டு இறங்கி நின்றது. ஏறிப் போய் விளிம்பை மடித்தார். ஒரு துண்டு உடைந்து அவர் கையோடு வந்தது. அவர் அதை அவளிடம் காட்டவில்லை. வேகமாக நடந்து போய் மற்ற மூன்றையும் நிறுத்தினார். பேக்கிங் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆச்சு என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிறகு ஒரு பதிவு நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். குறை என்ன, சொன்னவர் யார், பொருள் கொடுத்தவருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் எழுத வேண்டுமாம். அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் சொல்லவே கூச்சப்பட்டாள், அதைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

"அவர் உங்களைத் தெரியாதுன்னுட்டார்மா. ஆனா உங்களுக்கு அவரை நல்லாத் தெரியும் போலிருக்கே. அவர் உங்களுக்கு யாரு? அதையும் எழுதிடறேன்."

அவள் நின்றுபோன கைகளைப் பார்த்தாள். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"எனக்கும் அவரைத் தெரியாதுங்க" என்றாள். "அப்படியே எழுதிக்குங்க."